தண்ணீரில் மூச்சு முட்டும் மீன்

சித்திரை வெயில் ஏறி, கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதி சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் அழிகண்மாய் பேச்சு கிளம்பிவிடும். மீன்பிடித் திருவிழா என்று செய்தித்தாளில் போடுகிறார்கள். ஊரில் 'இன்னைக்குக் கம்மா அழியுது' என்றால் போதும். விடிவதற்குள் கரை நிறைந்துவிடும். ஊத்தா, கச்சா, தூரி, பரி என்று ஆளுக்கொரு மீன்பிடி சாமான், எதுவும் இல்லாதவர் கையில் பழைய கொசுவலை. ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு, மடையருகில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் கூட்டம் ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்கும். பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சம் சொந்தபந்தத்துக்கு. அப்படிப் பகிர்ந்து தின்றால் அடுத்த வருசம் மழை பெய்யும் என்பது நம்பிக்கை.

அரைமணி நேரத்தில் கண்மாய் குழம்பிக் கூழாகிவிடும். கெண்டையும் கட்லாவும் ரோகுவும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து தத்தளிக்கும். சிறுபிள்ளை கூட அள்ளிவிடலாம். விரால் அப்படி வராது.

"அண்ணே, விரால் ஒண்ணுமே காணோமேண்ணே?"

"மேல பாத்தா எப்புடிடா கெடைக்கும்? சேத்துக்குள்ள கெடக்கும், கால வச்சுத் தடவு. வழுவழுன்னு பட்டா அமுக்கிப் பிடி."

அந்த அண்ணன் சொன்னதில் ஓர் உயிரியல் பாடம் முழுசாக இருக்கிறது. ஒரே கண்மாய், ஒரே சேறு, ஒரே வெயில். ஒரு மீன் மூச்சுத் திணறி மேலே வருகிறது; இன்னொன்று சேற்றுக்குள் நிதானமாகப் படுத்திருக்கிறது. எப்படி?

கணக்கு எளியது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. நம் கோடையில் 30 டிகிரிக்குச் சூடேறிய தண்ணீரில், கரையக்கூடிய அளவு முழுக்கக் கரைந்திருந்தாலும், லிட்டருக்கு 6 மில்லிலிட்டர் கூடத் தேறாது. தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். சூட்டில் மீனின் உடலுக்குத் தேவை கூடும். இதற்குமேல் இலைதழை அழுகல், கலங்கிய சேறு. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத, பெரும்பாலும் மழையையும் கண்மாயையும் நம்பிய புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒவ்வொரு கோடையும் மீனுக்கு ஒரு மூச்சுச் சோதனைதான். தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் காற்றுக்கடல் கிடக்கிறது. ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்த உறுப்பு வேண்டும். செவுள் அதற்கு உதவாது. தண்ணீரை விட்டு வெளியே வந்தால் அதன் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும்.

விராலிடம் அந்த உறுப்பு இருக்கிறது. சாம்பல் போட்டு உரசி, கல்லில் தேய்த்து, தலையை வகுந்து பார்த்தவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். பெயர் தெரியாமல் வழித்து எறிந்திருப்பார்கள். செவுள் மூடியைத் தூக்கினால் சிவப்புச் செவுள் தெரியும். உடம்பின் பருமனுக்கு அது கொஞ்சம் சிறிதாகவே இருக்கும். அதற்கு மேலே, மண்டையோட்டின் இரு பக்கமும், ஒரு குகை. உள்சுவர் வழவழப்பாக இருக்காது. மடிப்பு மடிப்பாக, ரத்தம் ஊறிய சிவப்பில், தொட்டால் பிசுபிசுக்கும். விரால் நீர்மட்டத்துக்கு வந்து 'களுக்' என்று ஒரு வாய்க் காற்றை எடுக்கிறதே, அந்தக் காற்று தங்கும் இடம் இதுதான். தொண்டையின் மேற்பகுதி விரிந்து அறையாகி, அறையின் சுவரில் ரத்தக்குழாய்கள் படர்ந்து, அது மூச்சறையாகிவிட்டது. ஆக்சிஜனைக் காற்றிலிருந்து வாங்குகிறது; கரியமில வாயுவின் பெரும்பகுதியைப் பழையபடி செவுள் வழியே தண்ணீரில் விடுகிறது. வரவு ஒரு கணக்கில், செலவு வேறு கணக்கில்.

அதே மீனின் வயிற்றைக் கிழித்தால் முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு நீளப் பை வரும். பிள்ளைகள் அதை எடுத்து மிதித்து 'டப்'பென்று வெடிக்கவிடுவார்கள். மீன் தண்ணீரில் மூழ்கியும் விடாமல் மேலெழும்பியும் விடாமல் நிற்க உதவும் மிதவைப் பை அது. டார்வின் 1859-இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இந்தப் பையைப் பற்றித் தனியாகப் பேசுகிறார். மிதப்பதற்காக இருந்த உறுப்பு மூச்சுவிடும் உறுப்பாக மாற முடியும், நம் நுரையீரல் மீனின் மிதவைப் பையிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். ஓர் உறுப்பு வேலை மாறும் என்ற அளவில் அவர் சொன்னது சரி. மாறிய திசைதான் தலைகீழ் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. முதலில் வந்தது நுரையீரல். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், எலும்புள்ள மீன்களின் மூதாதைகளுக்கு உணவுக்குழாயிலிருந்து முளைத்த ஒரு காற்றுப்பை இருந்தது. அதனால் அவை காற்றையும் சுவாசித்தன. அந்த மரபின் ஒரு கிளை கரையேறி, தவளையும் பல்லியும் மாடும் மனிதனுமாகியது. இன்னொரு பெரும் கிளை தண்ணீரிலேயே தங்கியது. அங்கே நுரையீரலுக்கு மூச்சு வேலை குறைந்து போக, அது மிதவைப் பையாக மாறிக்கொண்டது.

இங்கேதான் விராலின் கதை என்னை நிறுத்துகிறது. அதன் முன்னோர் காற்றைச் சுவாசித்தவர்கள். பிறகு அந்த வேலையை விட்டவர்கள். பிற்காலத்தில் சேற்றுக் குட்டையில் மூச்சு முட்டியபோது மறுபடியும் காற்று தேவைப்பட்டது. வயிற்றுக்குள் பழைய நுரையீரலின் வாரிசு வெள்ளைப் பையாகக் கிடக்கிறது, எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே? முடியவில்லை. விராலின் மரபில் தொண்டையோடு அந்தப் பைக்கு இருந்த வழி அடைபட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆகவே, கைக்கு எட்டிய இடத்தில், செவுளுக்கு மேலிருந்த சந்தில், புதிதாக ஒரு மூச்சறை. செட்டிநாட்டு ஓரத்து ஊர்களில் நூறு வருச வீடுகளைப் பார்த்தால் இது புரியும். குடியிருந்துகொண்டே மாற்றிக் கட்டியிருப்பார்கள். திண்ணை கடையாகியிருக்கும், மாட்டுக் கொட்டகை வண்டி நிறுத்துமிடம் ஆகியிருக்கும், அடைத்த வாசலைத் திறக்க வழியில்லாமல் பக்கச் சுவரை உடைத்திருப்பார்கள். இடித்துப் போட்டுக் கட்ட ஒருநாள் கூட அவகாசம் கிடையாது, ஏனென்றால் உள்ளே ஆள் இருக்கிறது. உயிருள்ள உடலுக்கும் அதே நிலைமைதான். ஒவ்வொரு தலைமுறையும் மூச்சுவிட்டுக்கொண்டே மாற வேண்டும்.

நம் ஊர் நீர்நிலைகளில் இந்தச் சிக்கலைத் தீர்த்த மீன்கள் வேறும் உண்டு, ஆளுக்கொரு வழியில். பனையேறிக் கெண்டைக்குச் செவுள் வளைவின் ஓர் எலும்பு இதழிதழாக மடிந்து பூப்போல விரிந்து, அதன்மேல் ரத்தம் ஓடுகிறது. 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் லெப்டினன்ட் டால்டார்ஃப் என்பவர், குளத்தங்கரைப் பனைமரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சானது. உலகம் நம்பவில்லை. பருந்தோ காக்கையோ கவ்விக் கொண்டுபோய் மரத்தில் போட்டிருக்கும் என்றார்கள் பிறகு வந்தவர்கள். பனை ஏறியதோ இல்லையோ, மழை ராத்திரியில் செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஊன்றி வரப்பில் நடந்து போவதை டெல்டாவிலும் கேரளத்திலும் பார்த்தவர்கள் நிறைய. தேளி மீனுக்கு வேறு கதை: செவுள் அறையிலிருந்து இரண்டு நீளக் குழல்கள் பின்னோக்கி ஓடி, முதுகுத் தசைக்குள் புதைந்து கிடக்கின்றன. காற்று அங்கே போய்த் தங்குகிறது. மூன்று மீன், மூன்று இடம், ஒரே வேலை. இந்திய மீன்களின் இந்த உறுப்புகள் முட்டையிலிருந்து எப்படி உருவாகி வளர்கின்றன என்று பி. கே. தாஸ் 1927-இலேயே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விரிவாக எழுதிவிட்டார். விரால் குஞ்சுகூடப் பொரித்தவுடன் காற்று வாங்குவதில்லை. செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாகத் தாய்தகப்பன் காவலில் திரியும் அந்தப் பொடிக் குஞ்சுகளுக்குக் கொஞ்ச காலம் தண்ணீர் மூச்சே போதும். மூச்சறை வளர்ந்த பிறகுதான் மேலே வரக் கற்கின்றன.

இதுவரை கேட்டால் விரால் கொடுத்துவைத்தது என்று தோன்றும். தண்ணீரும் அதற்கு, காற்றும் அதற்கு. நடப்பு அப்படி இல்லை.

ராத்திரி முழுக்க ஆழத்தில் கிடந்த வலையில் சிக்கிய விரால் காலையில் செத்துக் கிடக்கும். அதைக் கொன்றது தண்ணீர். மேலே வந்து ஒரு வாய்க் காற்று எடுக்க முடியாதபடி தடுத்தால், நல்ல தண்ணீரிலேயே விரால் மூச்சு முட்டிச் சாகும். மீன் தண்ணீரில் முழுகிச் செத்தது என்றால் சிரிப்பு வரும். காரணம் தெரிந்தால் சிரிக்கத் தோன்றாது. காற்றறையில் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் நேராக உடம்புக்குப் போவதில்லை. இதயத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி செவுள் வழியாகத்தான் போக வேண்டும். வெளியே இருப்பதோ ஆக்சிஜன் இல்லாத சேற்றுத் தண்ணீர். செவுள் பெரிதாக இருந்தால், பாடுபட்டு மேலே போய் வாங்கி வந்த ஆக்சிஜன் அதன் வழியே தண்ணீரில் ஒழுகிப் போய்விடும். ஒழுக்கை அடைக்கச் செவுள் சிறுத்தது. செவுள் சிறுத்தபின் தண்ணீர் மூச்சு போதவில்லை. போதாததால் காற்று கட்டாயமாயிற்று. ஆபத்துக்கு உதவ வந்த பழக்கம் அன்றாடப் பிழைப்பாகி, கடைசியில் அது இல்லாமல் உயிரே இல்லை என்றாகிவிட்டது.

அந்தக் கட்டாயத்துக்கு என்ன செலவாகிறது என்பதை அளந்து பார்த்தவர்களும் நம்மவர்கள்தான். பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் புகழ்பெற்ற டி. ஜே. பாண்டியனும் இ. விவேகானந்தனும் 1970-களில் விராலை வெவ்வேறு ஆழமுள்ள தொட்டிகளில் விட்டுப் பார்த்தார்கள். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு மூச்சுக்கும் மீன் நீந்த வேண்டிய தூரம் கூடுகிறது. தின்ற தீனியில் ஒரு பங்கு அந்த ஏற்ற இறக்கத்துக்கே போய்விடுகிறது. உடம்பில் சதை பிடிப்பது குறைகிறது. ஆழமான தண்ணீர் மீனுக்கு நல்லது என்றுதானே நினைப்போம்? காற்றுக்குப் பழகிய மீனுக்கு ஆழம் என்பது அன்றாடம் கட்ட வேண்டிய வரி. முழங்கால் தண்ணீர்தான் அதற்குச் சொர்க்கம்.

மூச்சோடு விஷயம் முடியவில்லை. பெரும்பாலான மீன்கள் உடம்பின் நைட்ரஜன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே விட்டுவிடும். அம்மோனியா நஞ்சு, ஆனால் சுற்றிலும் தண்ணீர் இருந்தால் கரைத்துவிடலாம், கவலை இல்லை. சேற்றில் புதைந்து கிடக்கும் தேளி எங்கே போய்க் கரைக்கும்? ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் நிர்மலேந்து சாகாவும் பி. கே. ரத்தாவும் 1980-களில் இதை ஆராய்ந்தார்கள். தேளி அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகிறது. யூரியா அவ்வளவு நஞ்சில்லை, உடம்பில் கொஞ்ச காலம் தேக்கி வைக்கலாம். நம் கல்லீரல் செய்வதும் அதே வேலை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 25, 30 கிராம் யூரியாவை ஒவ்வொருவரும் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்று வாங்குகிறோமே, அதே யூரியாதான். வறண்ட இடத்தில் பிழைக்க வந்த உயிர், கழிவையும் சிக்கனமாக வெளியேற்ற வேண்டியிருந்தது.

இப்போது நம் தொண்டைக்கு வருவோம். சாப்பிடும்போது புரையேறினால் அப்பத்தா உச்சந்தலையில் தட்டி, 'யாரோ உன்னை நெனக்கிறாக' என்பார். நினைப்பவர் யாராக இருந்தாலும் சரி, புரையேறுவதற்கு அடிப்படைக் காரணம் நுரையீரல் முளைத்த அந்தப் பழைய மீன். நுரையீரல் உணவுக்குழாயின் அடிப்பக்கத்திலிருந்து முளைத்தது. ஆகவே காற்று போகும் வழி முன்னால், சோறு போகும் வழி பின்னால். மூக்கோ வாய்க்கு மேலே இருக்கிறது. இரண்டு பாதையும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டியாக வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் விழுங்கும்போது மூச்சு நிற்கிறது, மூச்சுக்குழாய் மூடுகிறது, கவளம் தாண்டிப் போகிறது, மறுபடி திறக்கிறது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. ஒரு தடவை தவறினால் புரையேற்றம். மோசமாகத் தவறினால் உயிரே போகும். முதலிலிருந்து திட்டம் போட்டுக் கட்டியிருந்தால் இரண்டு குழாய்களையும் தனித்தனியே இறக்கியிருப்பார்கள்.

அந்தக் குறுக்குச் சந்தியில் காவலுக்கு வந்ததுதான் குரல்வளை. பாடவோ பேசவோ அது பிறக்கவில்லை. நுரையீரலுக்குள் தண்ணீரும் இரையும் புகாமல் அடைக்கும் கதவாகத்தான் தொடங்கியது. நுரையீரல் மீன்களில் இன்றும் ஒரு சின்னச் சுருக்குத் தசையாக அதைப் பார்க்கலாம். கதவு என்று ஒன்று வந்தபின் அதற்கு வேறு வேலைகள் வந்து சேர்ந்தன. நெல் மூட்டையை முதுகில் ஏற்றும்போது தம் கட்டுகிறோமே, அப்போது அந்தக் கதவு இறுக மூடுகிறது; உள்ளே சிறைப்பட்ட காற்று நெஞ்சை விறைக்க வைத்து முதுகைத் தாங்குகிறது. இளவட்டக்கல்லைத் தூக்கிய வாலிபனின் பலம் பாதி கையிலும் காலிலும், பாதி அந்தத் தொண்டைக் கதவில். அதே கதவை லேசாக மூடி, இடுக்கு வழியே காற்றை விட்டால் அதிர்கிறது, குரல் வருகிறது. பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கொன்னையூர் மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் பெண்கள் இடும் குலவை, ஒரு காலத்தில் தண்ணீரைத் தடுத்த தசையின் அதிர்வு.

இதற்கும் விலை உண்டு. பச்சைக் குழந்தைக்குக் குரல்வளை மேலே, மூக்கின் பின்வாசலுக்கு அருகே இருக்கிறது. அதனால்தான் மார்பிலிருந்து வாயை எடுக்காமல் பால் குடித்தபடியே இடையிடையே மூக்கால் மூச்சுவிட முடிகிறது. வளர வளரக் குரல்வளை கீழே இறங்குகிறது. தொண்டையில் இடம் விரிகிறது. அந்த இடத்தில் நாக்கு புரண்டு 'அ'வும் 'இ'யும் 'உ'வும் தெளிவாகப் பிரிகின்றன. பேச்சுக்குத் தோதாகும் அதே இறக்கம், புரையேறும் வாய்ப்பையும் கூட்டுகிறது. மூச்சு, விழுங்கல், பேச்சு மூன்றும் ஒரே சந்தியில் குடியிருக்கின்றன; ஒன்றை நகர்த்தினால் மற்றது நகர்கிறது. கழுத்தில் துளையிட்டு மூச்சு விடுபவருக்கு உயிர் நிலைக்கிறது, பேச்சு நின்றுவிடுகிறது. காற்று குரல்வளைக்கு வருவதில்லை. துளையை விரலால் மூடினால் குரல் திரும்புகிறது.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. உடம்பின் எந்த வேலையும் அந்த வேலைக்கென்று பிறந்த உறுப்பிடம் வந்து சேரவில்லை. நெருக்கடி வந்தபோது பக்கத்தில் எது சும்மா இருந்ததோ, எது அரைகுறையாகவாவது உதவியதோ, அதன் தலையில் வேலை விழுந்தது. வேலை வந்தபின் உறுப்பு அதற்கேற்ப மாறியது. மாறியபின் பழைய இடத்துக்குத் திரும்பும் வழி அடைபட்டது. ஒவ்வொரு புதிய திறமையும் ஒரு புதிய பிடிமானம். பிடிமானம் என்பதால் அதுவே விலங்கும் ஆகிறது. காற்றைப் பிடித்த விரால் ஆழத்தை இழந்தது. குரலைப் பெற்ற நாம் நிம்மதியாக விழுங்குவதை இழந்தோம். பரிணாமத்தை ஏணி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஏணியில் ஏறியவர் இறங்கவும் செய்யலாம். இங்கே ஏறிய படி, ஏறியவரின் உடம்பாகவே ஆகிவிடுகிறது.

நம் மூச்சின் தொடக்கம் செழிப்பு இல்லை, பஞ்சம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் குறைந்த வெதுவெதுப்பான நீரில்தான் நுரையீரல் கைகொடுத்திருக்கும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். மீனின் இதயத்துக்கு, உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனை இழந்து வரும் ரத்தமே கடைசியாகக் கிடைக்கிறது, அந்த இதயத்தைக் காப்பாற்றத்தான் நுரையீரல் உதவியது என்பது இன்னொரு விளக்கம். எது முந்தியது என்று அறிஞர்கள் வாதாடட்டும். இரண்டிலும் தொடக்கம் போதாமைதான். கரையில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, கரை என்ற எண்ணமே இல்லாத காலத்தில், தண்ணீருக்குள் இருந்தபடியே நுரையீரல் தயாராகிவிட்டது. பின்னால் நிலத்தில் நடப்பதற்கு உதவும் என்று அதற்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

தேவை தீர்ந்தாலும் வேலை நிற்பதில்லை. தமிழ்நாட்டில் இப்போது பலர் தார்ப்பாய்த் தொட்டியில் விரால் வளர்க்கிறார்கள். வேளைக்குத் தீனி, மாற்றிய தண்ணீர், மேலே நிழல். வற்றும் பயமே அந்தத் தொட்டிக்கு இல்லை. விராலுக்கு அது தெரியாது. மழை இறங்கும் ராத்திரியில், சுவரோரம் வந்து, வாலை மடக்கி ஓர் எம்பு எம்பி வெளியே விழுந்து, ஈரத் தரையில் நெளிந்து நெளிந்து வேறு குட்டை தேடிக் கிளம்பிவிடும். அதனால் புதிதாகத் தொட்டி போடுபவருக்கு அனுபவப்பட்டவர் முதலில் சொல்வது தீனியைப் பற்றியோ விலையைப் பற்றியோ இருக்காது: "மொதல்ல மேல வலையக் கட்டுப்பா. இல்லன்னா விடியிறதுக்குள்ள தொட்டி காலி."